அண்ணி கவிழ்த்த நாலு சீட்டு

1

நான் பார்த்திருக்கக் கூடாத ஒரு சீட்டைப் பார்த்துவிட்டேன். இந்தக் கதை எழுத வேண்டி வந்ததற்கு அதுதான் காரணம். அண்ணியைப் பற்றி எழுத வேண்டும் என்ற ஆசை வெகு நாளாகவே உண்டு. ஆனால் ஆசைக்காக எழுதுகிறவன் இல்லை நான். நெஞ்சில் ஏதாவது உறுத்தினால்தான் பேனாவைத் தொடுவேன். அந்தச் சீட்டு எட்டு மாதமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

செருப்புக் கடை மாடியில் இருந்த அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் ஒரு

ஒரு என்ன? வெயிலை எதற்கோ ஒப்பிடப் போயிருக்கிறேன், எதுவும் கிடைக்கவில்லை. வெயில் வெயிலாகவே இருந்தது. இரண்டாவது தொடக்கம்:

ஒரு பெண் தன் கையில் இருந்த மிகச் சிறந்த சீட்டுகளைத் தானாகவே கீழே போட்டாள், ஏனென்றால்

இந்த "ஏனென்றால்" வந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு என்ன எழுதினாலும் அண்ணிக்கு வக்காலத்து வாங்குவது போல ஆகிவிடுகிறது. வக்காலத்து தேவைப்படுகிற ஆள் இல்லை அவர். ஆகவே அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, அவர் யார் என்பதிலிருந்து வருகிறேன்.

2

என் அண்ணி, அதாவது அண்ணனின் மனைவி, லிஃப்ட் மெக்கானிக். இருபது வருட வேலை. ஒவ்வொரு கட்டடமாகப் போய், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, மேலே தொங்கும் இரும்புக் கயிறுகளைச் சோதிப்பார். அதற்கு அவர் வைத்திருப்பது ஒரு பழைய பனியன் துணி. துணியால் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பெட்டியை மெல்ல இறக்கச் சொல்வார். கயிற்றில் எங்காவது ஒரு மெல்லிய கம்பி அறுந்து முனை நீட்டியிருந்தால் துணி சிக்கும். சிக்கிய இடங்களை எண்ணிக்கொண்டே வருவார். எண்ணிக்கை கூடிவிட்டால் கயிற்றை மாற்றச் சொல்லிவிடுவார்.

"நல்லாத்தானேம்மா ஓடிட்டிருக்கு?" என்று கட்டடக்காரர்கள் கேட்பார்கள்.

"இன்னிக்கு ஓடுது சார்" என்பார் அண்ணி.

[கயிறும் சீட்டும் ஒன்றுதான் என்று நான் அடுத்துச் சொல்லப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். சொல்லத்தான் இருந்தேன். அண்ணியிடம் ஒரு முறை சொல்லியும் பார்த்தேன். "கயிறு அறுந்தா ஆள் போயிடுவாங்க தம்பி. சீட்டுல தோத்தா எழுந்து வீட்டுக்கு வரப்போறோம். ரெண்டையும் ஏன் ஒண்ணாக் கட்டுறீங்க?" என்றார். ஆகவே கட்டவில்லை.]

3

அண்ணி ஆடும் சீட்டாட்டத்தின் பெயர் பாட் லிமிட் ஒமாஹா, போக்கரில் ஒரு வகை. தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். நானே அரைகுறைதான், அதற்கு ஆதாரம் இந்தப் பகுதியிலேயே வருகிறது.

ஒவ்வொருவருக்கும் நாலு சீட்டு, மறைவாக. மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு கடைசியாக ஒன்று. கையிலிருந்து இரண்டு, மேசையிலிருந்து மூன்று சேர்த்து ஐந்து சீட்டு அமைக்க வேண்டும், யாருடைய ஐந்து பெரியதோ அவருக்கு வெற்றி. கையிலிருந்து சரியாக இரண்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மேசை நடுவில் எவ்வளவு பந்தய வில்லைகள் குவிந்திருக்கின்றனவோ அதிகபட்சம் அவ்வளவுதான் ஒருவர் ஒரு தடவையில் கட்ட முடியும். அப்படிக் கட்டுவதை எங்கள் சீட்டாட்ட மன்றத்தில் "முழுசு" என்பார்கள்.

என்னுடைய முதல் பிரதியில் அண்ணியை ஜெயிக்க வைத்திருந்தேன். மேசையில் நாலு ஹார்ட். அண்ணியின் கையில் ஹார்ட் ஏஸ். அதை அவர் மெல்லத் திருப்பிப் போட, ஐந்தும் ஒரே ஜாதி, அறையே எழுந்து நின்று கைதட்டுகிறது. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. அண்ணியிடம் கொடுத்தேன்.

"யாரு தம்பி இந்த அம்மா?"

"நீங்கதான் அண்ணி."

"ஒத்த ஹார்ட்ட வெச்சுக்கிட்டு இந்த ஆட்டம் ஆடுறாளே. கைல இருந்து ரெண்டு எடுக்கணும்ல? இவகிட்ட ஒண்ணுதான இருக்கு. எப்படி ஜெயிச்சா?"

இரண்டு சீட்டு போக்கர் ஆடிப் பழகியவன் செய்கிற தப்பு அது. அங்கே கையில் ஒரு ஹார்ட் போதும். இங்கே நான் இரண்டு பக்கத்துக்குக் கைதட்ட வைத்த வெற்றி செல்லாத வெற்றி. என் அண்ணன் பத்து வருடமாக ஆடியும் இதே மாதிரிதான். கையில் நாலும் ஹார்ட்டாக வந்தால் முகம் மலர்ந்துவிடும். இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது, மிச்ச இரண்டும் தனக்கு வர வேண்டிய ஹார்ட்டைத் தானே முடக்கி வைத்திருக்கிற மாதிரி என்று அண்ணி எத்தனையோ முறை சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் கதைக்கு வேண்டியது. நாலு சீட்டில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு ஜோடி வரும். எதிரில் இருப்பவரிடமும் ஆறு. அதனால் இந்த ஆட்டத்தில் இப்போதைக்குப் பெரிய கையாக இருப்பது அடுத்த சீட்டு விழுந்ததும் சின்னக் கையாகிவிடலாம். பெரிய கை வந்துவிட்டால் பலருக்குக் காது அடைத்துவிடும். அண்ணிக்கு அப்போதுதான் காது நன்றாகக் கேட்கும்.

4

செருப்புக் கடை மாடியில் இருக்கும் மன்றத்து அறை சின்னது. ஒரு நீள மேசை, பச்சைத் துணி, பன்னிரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. அந்த விசிறிக்கு வேகம் ஒன்றுதான். போட்டால் சீட்டெல்லாம் பறக்கும். ஆகவே மேசையில் சீட்டு இருக்கும்வரை விசிறியைத் தொடக் கூடாது என்பது மன்றத்தின் சட்டம். ஒரு ஆட்டம் முடிந்து கட்டு டப்பாவுக்குள் போன பிறகு இரண்டு நிமிடம் காற்று வாங்கிக்கொள்ளலாம்.

சீட்டுப் போடுகிறவர் ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர். அவருடைய கறாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். ஒன்றே ஒன்று சொன்னால் போதும்: ஆட்டம் பாதியில் முடிந்துவிட்டால், திறக்காத சீட்டுகளை யாருக்கும் காட்ட மாட்டார். "அடுத்தது என்னவா இருந்திருக்கும், சும்மா பாப்போமே" என்று யார் கெஞ்சினாலும் நடக்காது. "வராத சீட்டுக்கு இங்க பேச்சு கிடையாது" என்பார்.

வருடத்துக்கு ஒரு முறை அங்கே போட்டி. கடைசிவரை நிற்கும் ஒருவரை மன்றம் வேறொரு நகரத்தில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்பிவைக்கும். ஒரே ஒரு இடம். அண்ணி ஏழு வருடமாக அதற்கு ஆடிக்கொண்டிருக்கிறார். மூன்று முறை கடைசி இருவரில் ஒருவராக வந்து, மூன்று முறையும் பெரிய கையை வைத்துக்கொண்டு தோற்றவர்.

"பாதி வாழ்க்கை மேலயும் கீழயுமே போயிட்டிருக்கேன் தம்பி" என்று ஒரு நாள் சொன்னார். "ஒரு தடவையாவது பக்கவாட்டுல எங்கயாவது போகணும்."

அண்ணன் இந்த முறை முன்கூட்டியே சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கி வைத்துவிட்டார். அண்ணி திட்டினார். திட்டிவிட்டு, ஆள் இல்லாத நேரத்தில் கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அதை உருட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

5

கடைசி இருவர்: அண்ணியும் கண் டாக்டரும். இருவரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு வில்லைகள். நான் அண்ணியின் பின்னால் உட்கார்ந்திருந்தேன், அவருடைய சீட்டு எனக்குத் தெரிகிற மாதிரி. என் தோளுக்கு மேல் அண்ணன். இரண்டு ஏஸ் வந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கட்டி ஒரு மணி நேரம் முன்பே வெளியேறியிருந்தார்.

அண்ணிக்கு வந்தது: இரண்டு ராணி, ஒரு பத்து, ஒரு ஒன்பது. ஹார்ட் ஒன்றுகூட இல்லை.

பரிசோதகர் வழக்கம்போல மேல் சீட்டைக் கவிழ்த்தபடியே ஓரமாகத் தள்ளிவிட்டு, அடுத்த மூன்றைத் திறந்தார். கிளாவர் ஆறு. ஹார்ட் ஏழு. ஹார்ட் எட்டு.

ஆறு, ஏழு, எட்டு மேசையில். ஒன்பது, பத்து அண்ணியின் கையில். ஐந்தும் வரிசையாக நிற்கிற ஸ்ட்ரெயிட். அந்த நிமிடத்தில் இதைவிடப் பெரிய கை யாரிடமும் இருக்க முடியாது. அண்ணன் என் தோளை அழுத்திய அழுத்தில் சட்டை கசங்கியது.

கண் டாக்டர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "முழுசு."

பதிலுக்கு அதே அளவு வைத்தால் அண்ணியின் வில்லைகளில் பாதிக்கு மேல் போகும். மிச்சமும் அடுத்த சீட்டில் அதன் பின்னாலேயே போய்விடும். ஏழு வருடத்து ஆசை மொத்தமும் அந்த மேசைமேல் இருந்தது.

இங்கே மூன்று பக்கம் அண்ணியின் மன ஓட்டமாக எழுதியிருந்தேன். குழந்தைப் பருவமெல்லாம் வந்தது. அண்ணி பென்சிலால் குறுக்கே கோடு போட்டுவிட்டு ஓரத்தில் எழுதினார்: இவ்வளவெல்லாம் யோசிக்கல. பிறகு வாயால் சொன்னார்.

"ரெண்டே விஷயம்தான். டாக்டர் வெறும் ஸ்ட்ரெயிட்ட வெச்சுக்கிட்டு முழுசு சொல்ல மாட்டாரு. பாதி கட்டுவாரு. ஏழு வருஷமாப் பாக்குறேன். முழுசு சொன்னா பின்னால இன்னொண்ணு இருக்கும். என்கிட்ட இருக்கிற அதே ஸ்ட்ரெயிட்டும் இருக்கும், கூட ரெண்டு ஹார்ட்டும் இருக்கும்."

"ரெண்டாவது?"

"ஹார்ட் விழலன்னா ரெண்டு பேருக்கும் சமம், ஆளுக்குப் பாதி. விழுந்தா அவருக்கு அஞ்சும் ஒரே ஜாதி, அது ஸ்ட்ரெயிட்டுக்கு மேல, எல்லாம் அவருக்கு. எனக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல தம்பி. என் ராணி ரெண்டும் சும்மா வேடிக்கை பாக்க வந்த மாதிரி நிக்குது. ஜெயிச்சாப் பாதி, தோத்தா எல்லாம். அதுக்கு எதுக்கு எல்லாத்தையும் வைக்கணும்?"

[கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் பலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டே பேர் ஆட்டம், இருப்பது ஆகப் பெரிய கை, அதைக் கீழே போடுவது கோழைத்தனம் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டாக்டர் அன்றைக்குப் பார்த்து வேறு மாதிரி ஆடியிருக்கலாம்.]

பரிசோதகர் கைக்கடிகாரத்தை ஒரு முறை பார்த்தார். அவ்வளவு நேரம்தான். அண்ணி நாலு சீட்டையும் ஒன்றாகச் சேர்த்து, கவிழ்த்தபடியே முன்னால் தள்ளினார், அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். பெருமூச்சு இல்லை, உதட்டைக் கடிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரீஸ் படிந்த நகங்கள், கட்டை விரலில் பழைய காயத்தழும்பு. இந்த மனுஷியைப் போல என்னால் ஒரு நாளும் முடியாது என்று தோன்றியது. நான் எழுதிய நல்ல வாக்கியம் ஒன்றைக்கூட என்னால் அடிக்க முடிந்ததில்லை.

6

இந்த இடத்தில் முடிவுகளை வைத்துப் பார்த்தேன்.

முதல் முடிவு: அண்ணி பதில் வைக்கிறார். ஹார்ட் விழுகிறது. நாலாவது முறையாகத் தோற்று

வேண்டாம்.

இரண்டாவது முடிவு: அண்ணி பதில் வைக்கிறார். ஹார்ட் விழவில்லை. டாக்டரிடம் அதே ஸ்ட்ரெயிட். ஆளுக்குப் பாதி. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

மூன்றாவது முடிவு: அண்ணி போட்டுவிட்டதைப் பார்த்து டாக்டர் தன் சீட்டைத் திறந்து காட்டுகிறார். அண்ணி சொன்னது சொன்னபடியே இருக்கிறது. அறை வாயைப் பிளக்கிறது. இதைத்தான் எழுத ஆசைப்பட்டேன். ஆனால் டாக்டர் காட்டவில்லை. அவரும் சீட்டைக் கவிழ்த்தபடியே கொடுத்துவிட்டார், அது அவருடைய உரிமை.

அண்ணனைப் பற்றி ஒரு சந்தேகம். அவரை ரொம்பக் கோமாளியாக்கிவிட்டேனோ என்று இருக்கிறது. ஏழு வருடமும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் முன்பே அண்ணியை வீட்டு வேலை எதையும் தொட விடாதவர் அவர். அடுத்து அவர் செய்ததைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

7

"ஸ்ட்ரெயிட்டப் போட்டுட்டாளே" என்றார் அண்ணன், பாதி அறைக்குக் கேட்கிற மாதிரி. "டேய், பாத்தேல்ல நீ? ஸ்ட்ரெயிட்டப் போய்..."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பரிசோதகர் அண்ணனை முறைத்தார். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. நேரே போய் விசிறியின் ஸ்விட்சைத் தட்டிவிட்டார்.

கட்டு இன்னும் டப்பாவுக்குள் போகவில்லை. பரிசோதகர் பாய்ந்து கையால் பொத்திவிட்டார், ஆனால் மேலே இருந்த ஒரு சீட்டு அதற்குள் கிளம்பிவிட்டது. மேசை விளிம்பைத் தாண்டி, என் நாற்காலிக்கு அடியில், என் இடது செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. முகம் மேலே பார்த்தபடி.

குனிந்தேன். பார்த்தேன். கவிழ்த்து எடுத்துக் கொடுத்தேன்.

"எப்படிக் கெடந்துச்சு?" என்றார் பரிசோதகர்.

"கவிழ்ந்து கெடந்துச்சு சார்" என்றேன்.

பொய் சொல்லிப் பழக்கம் உண்டு, தொழிலே அதுதான். ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அன்று அண்ணி பார்த்துவிட்டார்.

8

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அண்ணி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினார். விட்டதைப் பிடித்தார், ஒரு கட்டத்தில் முன்னாலும் போனார். கடைசியில் ஏதோ ஒரு சாதாரணக் கையில் எல்லாம் போனது. பெரிய போட்டிக்குக் கண் டாக்டர் போனார். அண்ணி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா ஆடிட்டு வாங்க டாக்டர்" என்றார். மனதாரச் சொன்னார், எனக்குத் தெரியும். பெட்டி அலமாரி மேல் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாத்தீங்களா தம்பி?"

"கவிழ்ந்துதான் இருந்துச்சு அண்ணி."

"சரி" என்றார்.

அண்ணன் விடவில்லை. இரண்டு வாரம் கழித்து, கண்ணாடி மாற்றுகிற சாக்கில் டாக்டரிடம் போய், அன்றைக்குக் கையில் என்ன இருந்தது என்று கேட்டுப் பார்த்தார். டாக்டர் அவரைச் சின்ன எழுத்துகளை எல்லாம் படிக்க வைத்து அனுப்பினார். புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்தாரே தவிர, பதில் இல்லை. என்னையும் குடைந்துகொண்டே இருந்தார். "அது ஹார்ட்டா, இல்லையா? அது மட்டும் சொல்லுடா."

நான் சொல்லவில்லை. என் கஷ்டம் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். கட்டில் மேலே இருந்தது, அடுத்து மேசையில் விழுந்திருக்க வேண்டியது அதுதான். அந்தச் சீட்டு ஹார்ட் என்றால் அண்ணி தப்பித்தார். ஹார்ட் இல்லை என்றால், அன்று பதில் வைத்திருந்தால் என்னவாகியிருக்குமோ. அவர் ஏழு வருடம் காத்திருந்ததன் கணக்கு என் வாய்க்குள் கிடந்தது. சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் அண்ணி. எட்டு மாதம் அவர் கண்ணைப் பார்த்து நான் பேசவில்லை.

அதனால் எழுதினேன். இதுவரை நீங்கள் படித்த எல்லாவற்றையும், விசிறி பறக்கவிட்ட சீட்டு உட்பட. சீட்டு எது என்பதை மட்டும் எழுதாமல் அண்ணியிடம் கொடுத்தேன்.

9

காலை ஏழு மணி. வேலைக்குக் கிளம்பத் தயாராக, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார். அண்ணன் கோமாளியான இடங்களில் சிரித்தார். பெட்டியை உருட்டிப் பார்த்த இடத்தில், "இதையும் பாத்துட்டீங்களா" என்றார். ஏழாவது பகுதிக்கு வந்ததும் படிப்பதை நிறுத்தினார்.

"மேல இருந்த சீட்டா பறந்துச்சு?"

"ஆமா அண்ணி. மன்னிச்சிருங்க. நான் பாத்தேன்."

"பாத்தீங்கன்னு எனக்குத் தெரியும். நான் கேக்குறது அது இல்ல. கட்டுல மேல இருந்ததா?"

"ஆமா."

அண்ணி முதலில் சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு காகிதங்களை மேசையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, அந்தச் சீட்டு மேசைக்கே வராது. மேல் சீட்ட அவர் எப்பவும் ஓரமாத் தள்ளிட்டுத்தான அடுத்தத திறப்பாரு. ஒவ்வொரு தடவையும். அஞ்சாவது பகுதில நீங்களே எழுதியிருக்கீங்க."

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது. என் கையெழுத்திலேயே இருந்தது. வழக்கம்போல, என்று வேறு எழுதியிருக்கிறேன். எட்டு மாதம் நான் சுமந்தது அந்தக் கதையிலேயே இல்லாத ஒரு சீட்டை.

"அப்ப அது என்ன சீட்டுன்னு இப்ப சொல்லிடவா அண்ணி? அதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சே."

"வேணாம்."

"ஏன்?"

அண்ணி குனிந்து ஷூ நாடாவை இழுத்துக் கட்டினார். "அது என்னன்னு தெரிஞ்சா, அதுக்கு அடியில இருந்தது என்னன்னு மனசு போகும். போக ஆரம்பிச்சிட்டா அடுத்த வருஷம் அதே மாதிரி ஒரு கை வந்தா, போட எனக்குக் கை வராது."

அடுத்த வருஷம் என்று அவர் சொன்ன விதத்தில், அலமாரி மேல் இருந்த பெட்டியை நான் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தேன். அதன்மேல் தூசி இல்லை.

"அப்ப இந்தக் கதைய நான் எப்படி முடிக்கிறது?"

"நான் கவிழ்த்தப்பவே முடிஞ்சிருச்சு தம்பி. அதுக்கப்புறம் நீங்க எழுதினதெல்லாம் வேற ஆட்டம்."

அவர் சொன்னபடி பார்த்தால் ஐந்தாவது பகுதியோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, நல்ல வாக்கியத்தை அடிக்கத் தெரியாதவன் என்று முன்பே சொல்லிவிட்டேன். ஆகவே மிச்சத்தை உங்களிடம் கொடுக்கிறேன். வீட்டில் சீட்டுக் கட்டு இருந்தால் எடுங்கள். கிளாவர் ஆறு, ஹார்ட் ஏழு, ஹார்ட் எட்டு மூன்றையும் மேசையில் திறந்து வையுங்கள். இரண்டு ராணி, ஒரு பத்து, ஒரு ஒன்பது உங்கள் கையில், ஹார்ட் இல்லாமல். எதிரில் ஒருவர் முழுசு என்று சொல்லிவிட்டார். நீங்கள் போட்டுவிட்டீர்கள். மீதிக் கட்டைக் கலைத்து, மேல் சீட்டை ஓரமாகத் தள்ளுங்கள், அது எனக்கு. அடுத்த சீட்டின் மேல் ஒரு விரலை வையுங்கள்.

திருப்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். அண்ணி இருந்து பார்க்கப் போவதில்லை. பனியன் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் அப்போதே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.